காய்ச்சல் விட்டுடுச்சு, உடம்பு தேறலை

உடம்பு முடியாமல் கிடந்தவர்களிடம் "குணமாயிடுச்சா?" என்று கேட்பதை நான் விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. அன்போடுதான் எல்லோரும் கேட்கிறோம், தெரியும். ஆனால் ஆமாம், இல்லை என்ற இரண்டு பதில்களுக்குத்தான் அந்தக் கேள்வியில் இடம் இருக்கிறது. படுத்து எழுந்த பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறார்கள்.

2006இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியது நினைவிருக்கும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது படுத்திருந்தார்கள். ஆகஸ்டில் அம்மாவுக்கும் வந்தது. நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. பார்த்த மருத்துவர் "சரியாயிடுச்சும்மா, இனி பயமில்லை" என்றார். அவர் பார்க்க வேண்டியது காய்ச்சலை, அது போய்விட்டது. அதற்கப்புறம்தான் அம்மாவின் கஷ்டமே ஆரம்பித்தது. தோசைக்கரண்டியைப் பிடிக்க விரல் மடங்காது. குழாயைத் திருக முடியாது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கச் சுவர் வேண்டும். அந்த நோயின் பெயரே அதுதான். 1952-53இல் இன்றைய தான்சானியாவில் அது முதலில் கண்டறியப்பட்டபோது, அங்குள்ள மக்கொண்டே மொழியில் உடம்பு வளைந்துபோவதைச் சொல்லும் வார்த்தையையே பெயராக எடுத்துக்கொண்டார்கள். இது தெரியாமலேயே எங்கள் தெருவில் "குனிய வைக்கிற காய்ச்சல்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "குணமாயிடுச்சா?" அம்மாவின் பதிலும் ஒன்றுதான்: "காய்ச்சல் விட்டுடுச்சு. ஒடம்பு இன்னும் தேறலை." அது எனக்கு அப்போது சாக்குப்போக்காகத்தான் பட்டது. "டாக்டரே சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாரேம்மா" என்று ஒருநாள் சொல்லியும்விட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போனார். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அவர் சொன்னது எவ்வளவு துல்லியம் என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. நம் வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு உபாதைக்கும் ஒரு வினை வைத்திருப்பார்கள். காய்ச்சல் விடும். வீக்கம் வடியும். புண் ஆறும். எலும்பு கூடும். விஷம் முறியும். மயக்கம் தெளியும். அம்மை என்றால் "இறங்கிட்டா" என்பார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் சில நாள் வெளியே விட மாட்டார்கள். உடம்புக்குள் என்ன நடந்தது, எது போனது, எது பாக்கி என்று அந்த வினைச்சொல்லே காட்டிவிடும். இப்போது இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து "க்யூர் ஆயிடுச்சா" என்று ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு நகர்கிறோம்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தேறுதல். தேற்றாங்கொட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? கலங்கிய தண்ணீர் ஊற்றும் பானையின் உட்புறத்தில் அந்தக் கொட்டையைத் தேய்த்துவிட்டால், மெல்ல மெல்லக் கலங்கல் அடியில் தங்கி மேலே தண்ணீர் தெளியும். அவசரப்பட்டுப் பானையை அசைத்தால் மறுபடி கலங்கிவிடும். நோய் போன பிறகு உடம்புக்கு நடப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். சித்த மருத்துவத்தில் உடல்தேற்றி என்றே ஒரு வகை மருந்து உண்டு. மருந்துக் காலத்துப் பத்தியம் முடிந்ததும் மறுபத்தியம் என்று இன்னும் சில நாட்கள் வைப்பார்கள். நோய் தீர்வதும் உடம்பு தேறுவதும் வேறுவேறு என்று தெரிந்துதானே அந்த நாட்களுக்குத் தனியாக ஒரு பெயர் வைத்தார்கள்?

இன்னொன்றும் உண்டு. ஆறு, ஆற்று. தேறு, தேற்று. பால் தானாகவும் ஆறும், ஒருவர் ஆற்றவும் செய்வார். அதுபோல ஒருவர் தேற, பக்கத்தில் இருந்து தேற்றுகிறவர் ஒருவர் வேண்டும். திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் (950) மருத்துவத்துக்கு நான்கு கூறு சொல்கிறது: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். உற்றவன் என்றால் நோய் வந்தவர். நோயைத் தீர்ப்பவர் மருத்துவர். கூடவே இருந்து கவனிப்பவர் உழைச்செல்வான், அவருக்கும் அங்கே இடம் உண்டு. நம் வீடுகளில் அந்த வேலையைச் செய்வது அநேகமாக அம்மாக்கள்தான். அம்மாவே படுத்துவிட்டால்? எங்கள் வீட்டில் அந்த இடம் ரொம்ப நாள் காலியாகவே இருந்தது. அப்புறம் அக்கா வந்து பார்த்துக்கொண்டாள்.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் ஒருமுறை போனில் "அம்மாவின்ர வருத்தம் மாறிட்டுதோ?" என்று கேட்டார். அம்மாவுக்கு என்ன மனவருத்தம் என்று நான் குழம்பிப் போனேன். அங்கே நோயையே வருத்தம் என்பார்கள், அது குணமாவதை மாறுவது என்பார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. உடம்பின் நோவும் மனசின் நோவும் அந்த ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிடுவது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

கொரோனா காலத்தில் தினமும் மாலை வரும் கணக்கில் "குணமடைந்து வீடு திரும்பியவர்கள்" என்று ஓர் எண் வரும். 2020 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் விதியை மாற்றியது. லேசான பாதிப்பு உள்ளவருக்கு அறிகுறி தொடங்கிப் பத்து நாளாகி, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாவிட்டால், மறு பரிசோதனை இல்லாமலே அனுப்பலாம் என்றார்கள். படுக்கை தேவைப்பட்ட நேரம், அது நியாயம்தான். ஆனால் அந்த எண்ணுக்குள் இருந்த எத்தனையோ பேர் மாடிப்படி ஏற முடியாமல், வாசனை தெரியாமல் மாதக்கணக்கில் கிடந்தார்கள். "நீங்கதான் குணமாகிட்டீங்களே" என்று வேலைக்குக் கூப்பிட்டார்கள். மருத்துவ விடுப்புச் சான்றிதழ் நோய்க்குத்தான் கிடைக்கிறது, தேறுவதற்குக் கிடைப்பது அரிது.

"புற்றுநோயை வென்றார்" என்று தலைப்பு வரும்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அப்படியானால் என் சித்தப்பா தோற்றாரா? "மீண்டார்" என்று போடலாமே. நம்மிடம் இருக்கிற சொல்தானே.

இப்போதெல்லாம் நான் "எந்த அளவுக்குத் தேறியிருக்கீங்க?" என்று கேட்கிறேன். கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்கிறார்கள். "சாப்பிட முடியுது, ஆனா தூக்கம் வரலை" என்று ஒருவர். "படி ஏறினா இன்னும் மூச்சு வாங்குது, வீட்டுல சொல்லலை" என்று இன்னொருவர்.

இதை எழுதுவதற்கு முன் அம்மாவுக்குப் போன் செய்து, அந்த வருஷம் எப்போது தேறினீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மார்கழி பூரா ஒங்கக்காதான் கோலம் போட்டா. பொங்கலன்னிக்குக் காலையிலதான் நானா குனிஞ்சு புள்ளி வச்சேன்."