சோலார் பனல் சூடானால் கரண்ட் குறையும்

"கச்சான் காற்று வெக்கையில் சோலார் பனல் சூடாகச் சூடாகக் கரண்ட் கூடும், கூரைத் தகரத்தோடு ஒட்டிப் பூட்டுங்கள்" என்று திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது பிழை.

பனல் மின்சாரம் எடுப்பது வெளிச்சத்திலிருந்து, சூட்டிலிருந்து அல்ல. சிலிக்கன் கலம் சூடேறினால் அதன் வோல்ட்டளவு இறங்கும், வலுவும் இறங்கும். பனலில் எழுதியிருக்கும் 400 வாட், கலம் 25 பாகை செல்சியஸில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.3 முதல் 0.4 வீதம் குறையும். மத்தியானம் கலம் 60 பாகையைத் தொட்டால், அதே வெளிச்சத்தில் 350 வாட் அளவுதான். பனலோடு வந்த தரவுத்தாளில், ஒரு பாகை சூட்டுக்கு வலு எவ்வளவு மாறும் என்று காட்டும் 'டெம்பரேச்சர் கோஎஃபிஷியன்ட்' (Pmax) வரியைப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி நிற்கும்.

தகரத்தோடு ஒட்டினால் அடியில் காற்று ஓடாது. 10 சென்ரிமீற்றராவது இடைவெளி வேண்டும். சூடு தணிக்கவென்று உச்சி வெயிலில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி வெடிக்கலாம். கடற்கரைப் பக்கம் உப்புப் படியும். விடியற்காலையில் நல்ல தண்ணீரால் கழுவினால் போதும்.

அந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே ஒட்டிப் பூட்டியவர்கள், பூட்டித் தந்தவரையே கூப்பிட்டுப் பனலைத் தாங்கும் சட்டத்தை உயர்த்தச் சொல்லுங்கள்.