வேகமான பிளானுக்கு மாறினால் கேமில் லேக் நின்றுவிடுமா?

"ஆன்லைன் கேமில் லேக் (ஆட்டம் திக்கித் திணறுவது) வருகிறதா? 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுங்கள், உடனே சரியாகிவிடும்" என்று ஒரு செய்தி கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பி மாதாமாதம் கூடுதலாகப் பணம் கட்டாதீர்கள்.

பெரும்பாலான கேம்களுக்கு விளையாடும் நேரத்தில் 1 எம்பிபிஎஸ் கூடத் தேவைப்படாது. லேக் வருவது பெரும்பாலும் வேகம் போதாமல் அல்ல. தகவல் போய்த் திரும்பும் நேரம், அதாவது பிங், திடீரென எகிறுவதால்.

மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டில் இதைச் சோதித்தேன். லேப்டாப்பில் ரவுட்டரின் முகவரிக்கே (பெரும்பாலும் 192.168.1.1) பிங் கொடுத்தேன், அதாவது சிறு தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தைப் பார்த்தேன். 2, 3, 2 மில்லிசெகண்ட் என்று ஓடிக்கொண்டிருந்தது, திடீரென 240. பக்கத்து அறை ரவுட்டரைத் தொட்டுத் திரும்பவே இந்தப் பாடு என்றால், கோளாறு வீட்டுக்குள் இருக்கும் வைஃபையில்தான். எந்தப் பிளான் வாங்கி என்ன பயன்? பார்த்தால், ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. வெளியே எடுத்து உயரத்தில் வைத்து, வைஃபையை 2.4-இலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றினோம். எகிறல் நின்றது. 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டினால் பலவீனமாகும், அதனால் அதே அறையில் விளையாடுவது நல்லது. முடிந்தால் ரவுட்டரிலிருந்து நேராக லேன் கேபிள் போடுங்கள், அதற்கு ஈடு எதுவும் இல்லை.

சரி, ரவுட்டர் வரை பிங் சீராக இருந்தும் கேம் இழுக்கிறதா? வீட்டில் யாருடைய போனாவது போட்டோக்களை அப்லோட் செய்து லைனை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை நிறுத்தியும் தொடர்ந்தால், இணைப்பு தருபவரிடம் புகார் சொல்லுங்கள்.