உள்ளே இடமில்லை

மாலை ஆறேகால் மணி ரயில். அலுவலகம் விட்டு வீடு திரும்பும் கூட்டம். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் கடைசி நொடியில் ஓடிவந்து, முழங்கையால் இரண்டு பேரை விலக்கிக்கொண்டு ஏறுகிறார். ஏறிய வேகத்திலேயே திரும்பி, வாசலை மறித்து நின்று, வெளியே இருப்பவர்களைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். அவரைப் பழையவர் என்போம். அந்தக் கைக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்துவிட்ட இளைஞரைப் புதியவர் என்போம். இருவரும் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். பேசாமல் இருந்தால்தான் சங்கடம்.

பழையவர்: உள்ளே இடமே இல்லை! அடுத்த ரயிலில் வாருங்கள், காலியாக வரும்.

புதியவர்: அடுத்த ரயில் காலியாகவா வரும் சார்?

பழையவர்: பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை. கையில் என்ன தம்பி, வழவழப்பாக?

புதியவர்: வீட்டு விளம்பரம் சார். கடைசி நிலையத்துக்கு ஒன்று முன்னால் இருக்கிறதே, அங்கே வீடு பார்க்கிறேன். மரம், நிழல், அகலமான நடைபாதை. என் மனைவிக்கு ஊர் மிகவும் பிடித்துவிட்டது.

பழையவர்: நான் அங்கேதான் குடியிருக்கிறேன்.

புதியவர்: அடடா, கொடுத்துவைத்தவர்!

பழையவர்: கொடுத்துவைத்தவன் இல்லை தம்பி, கொடுத்துக்கொண்டே இருப்பவன். சரி, தாளில் என்ன போட்டிருக்கிறது?

புதியவர்: "நகரின் மையத்திலிருந்து 35 நிமிடம்."

பழையவர்: எப்போது போய்ப் பார்த்தீர்கள்?

புதியவர்: ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தரகரின் காரில். சரியாக 35 நிமிடம்தான் ஆனது.

பழையவர்: ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தச் சாலையின் நடுவில் பாய் விரித்துப் படுக்கலாம். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

புதியவர்: அப்போது படுக்க முடியாதா?

பழையவர்: அப்போதும் தாராளமாகப் படுக்கலாம். எந்த வண்டியும் நகராது.

புதியவர்: நான் ரயிலில்தானே போகப்போகிறேன். நிலையம் 8 நிமிட நடை என்று போட்டிருக்கிறார்கள்.

பழையவர்: நடந்து பார்த்தீர்களா?

புதியவர்: தரகர் நடந்து பார்த்ததாகச் சொன்னார்.

பழையவர்: ஜப்பானில் இதற்கு விதியே இருக்கிறது. வீட்டு விளம்பரத்தில் நடை நேரம் போடுவதென்றால் 80 மீட்டருக்கு 1 நிமிடம் என்றுதான் கணக்கிட வேண்டும். அதிலும் சிக்னலில் நிற்கும் நேரம் சேராது. உங்கள் தரகருக்கு விதி எதுவும் இல்லை, நெஞ்சுறுதி மட்டும்தான். 8 நிமிடம் என்றால் 640 மீட்டர். அந்தத் தெருவிலிருந்து நிலையத்துக்கு 1,300 மீட்டர், நடுவில் ஒரு மேடு வேறு. 8 நிமிடத்தில் வந்து சேர வேண்டுமானால் பின்னால் யாராவது துரத்த வேண்டும்.

புதியவர்: கார் வாங்கி நிலையத்தில் நிறுத்திவிட்டால்?

பழையவர்: அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் நான் பெயர் கொடுத்தபோது என் மகள் ஆறாம் வகுப்பு. இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். என் பெயர் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் ஒரு கடிதம் வரும், "தாங்கள் இன்னும் காத்திருக்கிறீர்களா?" என்று. அவ்வளவு பணிவாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல மனம் வருவதில்லை.

புதியவர்: உங்கள் மகளும் இந்த ரயிலில்தான் போகிறார்களா?

பழையவர்: அவளா? நகரத்தில் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துவிட்டாள். இங்கே அவளுக்காக ஒதுக்கிய அறையில் துணி காயப்போடுகிறோம். அவளுக்கு உண்மையிலேயே 8 நிமிட நடை.

(ரயில் ஒரு வளைவில் திரும்புகிறது. மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்கிறது. பழையவர் மட்டும் சாயவில்லை. மேலே தொங்கும் பிடிகளில் ஒன்றை அவர் பார்க்காமலேயே பிடித்திருக்கிறார். மற்ற பிடிகள் மஞ்சளாக இருக்க, அதில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்கு மஞ்சள் தேய்ந்து வெளுத்திருக்கிறது.)

புதியவர்: வீடு என்னவோ அருமையாக இருந்தது சார். உள்ளே நுழைந்ததும் அவ்வளவு வெளிச்சம்.

பழையவர்: பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்ததா?

புதியவர்: ஆமாம்... எரிந்தது.

பழையவர்: மெல்லிய இசை?

புதியவர்: இருந்தது. புல்லாங்குழல்.

பழையவர்: அடுத்த முறை விளக்கையும் புல்லாங்குழலையும் நிறுத்தச் சொல்லுங்கள். பின்பக்கம் நெடுஞ்சாலை போகிறது. புல்லாங்குழல் நின்றால் லாரி வாசிக்க ஆரம்பிக்கும். சுவரெல்லாம் எப்படி?

புதியவர்: படுக்கையறையில் ஒரு சுவர் மட்டும் புதிதாக நீல வண்ணம். மனைவி அதைப் பார்த்துத்தான் மயங்கிப்போனாள்.

பழையவர்: மற்ற மூன்று சுவர்கள்?

புதியவர்: பழைய வெள்ளைதான்.

பழையவர்: ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவர்களே அடையாளம் போட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். சிலர் அலமாரியை நகர்த்தி மறைத்துவிடுவார்கள்.

புதியவர்: அலமாரியும் ஒன்று இருந்தது.

பழையவர்: அப்படியானால் இரண்டு இடத்தில் ஈரம்.

புதியவர்: அமைதியாவது உண்டா சார்? அமைதிக்காகத்தான் நகரத்தை விட்டே வருகிறோம்.

பழையவர்: அமைதிக்குக் குறைவே இல்லை. காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை ஊசி விழுந்தால் கேட்கும். ஆனால் கேட்பதற்கு ஊரில் ஆள் இருக்காது. எல்லோரும் அந்த அமைதிக்குத் தவணை கட்டுவதற்காக நகரத்துக்குப் போயிருப்போம். சனிக்கிழமை வீட்டில் இருக்கும்போது புல்வெட்டும் இயந்திரம் ஓடும். வசதியான ஊர் பாருங்கள், யாரும் வீட்டைச் சும்மா விடுவதில்லை. ஒருவர் குளியலறையை இடித்துக் கட்டினால் அடுத்த மாதமே பக்கத்து வீட்டில் இடிப்பார்கள். போன வருடம் அது எங்கள் வீட்டுக்கும் பரவியது. நன்றாக இருந்த குளியலறை.

புதியவர்: நீச்சல் குளம் இருக்கிறதாமே?

பழையவர்: பதினோரு வருடத்தில் இரண்டு தடவை இறங்கியிருக்கிறேன். அதில் ஒருமுறை கால் வழுக்கி. மாதாமாதம் கட்டிய பராமரிப்புக் கட்டணத்தை இரண்டால் வகுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போவதில்லை.

புதியவர்: கணக்கெல்லாம் பலமாக வைத்திருக்கிறீர்கள்.

பழையவர்: வேறு என்ன வேலை? போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வருடத்துக்கு 240 வேலை நாள், 11 வருடம். மொத்தம் 5,280 மணி நேரம். இரவு பகலாக எண்ணினால் 220 நாள். ஏழு மாதத்துக்கு மேல் இந்தப் பிடியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் நிற்பவரின் செய்தித்தாளைத் தோளுக்கு மேலாகப் படித்தே பாதி உலக விஷயம் தெரிந்துவிட்டது. மார்க்கெட்டி என்று ஓர் இத்தாலிய இயற்பியலாளர் 1994-ல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதன் நடந்து திரிந்த காலத்திலும் சரி, கார் வந்த காலத்திலும் சரி, ஒரு நாளில் சுமார் 1 மணி நேரம்தான் பயணத்துக்குச் செலவிடுகிறானாம். வண்டி வேகமானால் நேரம் மிச்சமாகாது, வீடுதான் தள்ளிப்போகும்.

புதியவர்: நீங்கள் 2 மணி நேரம் என்றீர்களே?

பழையவர்: அவர் இந்த ரயிலில் வந்ததில்லை. இருக்கட்டும், கடன் எத்தனை வருடத்துக்கு?

புதியவர்: 20 வருடம். 9 சதவீத வட்டி.

பழையவர்: முதல் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போய்விடும். மிச்சம் ஒரு பங்குதான் அசலில் கழியும்.

புதியவர்: போகப் போகச் சரியாகிவிடும் என்று வங்கியில் சொன்னார்கள்.

பழையவர்: ஆகும். 14 வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுங்கள். கட்டிவிட்டு, அசலில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேளுங்கள்.

புதியவர்: எவ்வளவு இருக்கும்?

பழையவர்: பாதி.

புதியவர்: (பிடி இல்லாமலேயே ஒரு கணம் நிற்கிறார்) பாதியா!

பழையவர்: நான் பதினோராவது வருடத்தில் இருக்கிறேன். சமையலறையும் கூடத்தில் ஒரு மூலையும் எனக்குச் சொந்தம். படுக்கையறை வங்கியுடையது. இரவில் குறட்டை விடவே கூச்சமாக இருக்கிறது.

புதியவர்: இவ்வளவு கஷ்டம் என்றால் விற்றுவிட்டுப் போய்விடலாமே சார்?

பழையவர்: விற்பதா? என்ன பேச்சு தம்பி இது!

(சற்று நேரம் பேச்சில்லை. பழையவர் ஜன்னலைப் பார்க்கிறார். ஜன்னலில் தெரிவது எதிரில் நிற்பவரின் முதுகுப்பைதான், இருந்தாலும் பார்க்கிறார்.)

பழையவர்: நிலையத்தில் இறங்கிப் படி ஏறினால் மேலே ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது. அந்த இடத்துக்கு வந்ததும் காற்று மாறும். ஈரப் புல் வாசனை. நகரத்தில் அது கிடையாது. அங்கே ஒரு நிமிடம் நிற்பேன். செருப்பு வாரைச் சரிசெய்வது போல. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

புதியவர்: தினமும் நிற்பீர்களா?

பழையவர்: மழை நாளில் குடையைச் சரிசெய்வேன். அது போகட்டும். அந்த வீடு வேண்டாம், விட்டுவிடுங்கள்.

புதியவர்: அதை எப்போதோ விட்டாயிற்று சார். அந்த விலைக்கு நான் எங்கே போவது? சும்மா ஆசைக்குப் போய்ப் பார்த்தோம். நான் வாங்கப்போவது இது. (பையிலிருந்து இன்னொரு தாளை எடுக்கிறார்.) நிலையத்தை ஒட்டியே புதிதாக எட்டு மாடி கட்டப்போகிறார்களாம். சின்ன வீடுதான். ஆனால் இறங்கினால் வாசல்.

(பழையவரின் முகம் மாறுகிறது. தன் பையைத் திறக்கிறார். அதிலும் ஒரு தாள். அது வழவழப்பாக இல்லை. கீழே வரிசையாகக் கையெழுத்துகள்.)

பழையவர்: தம்பி, நான் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். இது அந்த எட்டு மாடிக்கு எதிரான மனு. இன்று இரவு கூட்டம்.

புதியவர்: எதிராகவா! ஏன் சார்?

பழையவர்: ஊரின் தன்மை கெட்டுவிடும். நிழல் விழும். கூட்டம் சேரும். 1926-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் யூக்ளிட் என்ற புறநகர் தொடர்பான வழக்கு. தனி வீடுகள் உள்ள பகுதிக்குள் வரும் அடுக்குமாடி பெரும்பாலும் வெறும் ஒட்டுண்ணி என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. மனுவின் இரண்டாவது பத்தியில் அதை மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

புதியவர்: ஒட்டுண்ணி.

பழையவர்: நான் சொல்லவில்லை. நீதிபதி சொன்னது.

புதியவர்: உங்களுடையது தனி வீடா சார்?

பழையவர்: மூன்றாவது மாடி.

புதியவர்: அதுவும் அடுக்குமாடிதானே?

பழையவர்: அது வேறு. நாலே மாடி. பழகிவிட்டது. நாங்கள் வந்தபோது எதிர்ப்பு இல்லாமல் இல்லை. வாசலில் நின்று "நாலு மாடி வேண்டாம்" என்று பலகை பிடித்தார்கள். முன்னால் நின்று பிடித்தவர்தான் இப்போது சங்கத் தலைவர். தங்கமான மனிதர்.

புதியவர்: இப்போதும் பலகை உண்டா?

பழையவர்: அதே பலகைதான். நல்ல தேக்கு, தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை. "நாலு" மேல் மட்டும் வெள்ளை அடித்து "எட்டு" என்று எழுதியிருக்கிறோம். மற்ற எழுத்தெல்லாம் அப்படியே பொருந்துகிறது.

(ரயில் இடையில் ஒரு நிலையத்தில் நிற்கிறது. கதவு திறக்கிறது. இறங்க ஒருவரும் இல்லை, ஏற இருபது பேர். தோளில் தூங்கும் குழந்தையோடு ஒருவர் படியில் காலை வைக்கிறார். பழையவர் வாயைத் திறப்பதற்குள் புதியவரின் கை வாசலுக்குக் குறுக்கே நீண்டுவிடுகிறது.)

புதியவர்: உள்ளே இடமே இல்லை சார்! அடுத்த ரயிலில் வாருங்கள், காலியாக வரும்.

(கதவு மூடுகிறது. பழையவர் புதியவரை முதல்முறையாக நன்றாகப் பார்க்கிறார். மனுவை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து, தன் பிடியில் இரண்டு விரலுக்கு இடம் விடுகிறார்.)

பழையவர்: எத்தனையாவது மாடி பார்த்து வைத்திருக்கிறீர்கள்?

புதியவர்: ஆறாவது.

பழையவர்: முன்பணம் கட்டியதும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏழாவது மாடியிலிருந்து எதிர்ப்பதாக மனுவைத் திருத்திவிடலாம்.

புதியவர்: பலகையில் எட்டு என்று இருக்குமே?

பழையவர்: வெள்ளை வண்ணம் இன்னும் அரை டப்பா மிச்சம் இருக்கிறது.