"இன்ஸ்டாவுக்கு மட்டும்தான் சார்!"

தி.நகர் கடைக்கு நாலு புடவை ஃபோட்டோ எடுக்கணுமாம், இன்ஸ்டாவுக்கு மட்டும்தானாம். ரெண்டே மாசத்துல அதே படம் ஓ.எம்.ஆர். ரோட்டு ஹோர்டிங்ல இருபதடிக்கு நிக்குது! கேட்டா, "அதான் காசு குடுத்தாச்சே". எதுக்குக் குடுத்தீங்க? எடுக்கவா, ஊரெல்லாம் ஒட்டவா? கொட்டேஷன்ல 'படத்தை எங்கே, எத்தனை மாசம் போடலாம்'னு ஒரு வரி போட்டா உடனே முகம் சுளிக்குது. போடாம விட்டா இன்னும் மோசம். மாத்தி ஒப்பந்தம் இல்லைன்னா, 1957 பதிப்புரிமைச் சட்டத்தோட 17-வது பிரிவு, காசு குடுத்து எடுக்கச் சொன்னவரையே படத்தோட பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர் ஆக்கிடும். எடுத்தவருக்கு மிச்சம் முதுகுவலி. இதுல "ரா ஃபைலும் குடுத்துடுங்க" வேற, அதாவது எடிட் பண்ணாத கேமரா ஒரிஜினல். தோசை சாப்பிட்டா மாவுச்சட்டியையும் பார்சல் கேப்பீங்களா? 50% அட்வான்ஸ்னா மட்டும் "அக்கவுண்ட்ஸ்ல கேக்கணும்". மீதி 50%? பொங்கலுக்கு எடுத்த படத்துக்கு ஆடித் தள்ளுபடி முடிஞ்சும் "அடுத்த வாரம் சார்"!