எந்த டிடெக்டர் வாங்கலாம் மச்சான்?

இன்று விடியற்காலை ஐந்தரைக்கு மறுபடி அதே போன். அங்கே மணி எட்டு. மாப்பிள்ளை குளித்து, சாப்பிட்டு, தெம்பாக உட்கார்ந்திருக்கிறார். "மச்சான், புதுசா ஒண்ணு வருதாம். கொஞ்சம் பொறுத்து வாங்கிக்கலாமா?" தங்கம் தேடுகிற மெட்டல் டிடெக்டர் பற்றி மூன்று வருடமாக இதே பேச்சு. வந்த ஆத்திரத்துக்குப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். சர்வீஸ் கடை வைத்திருப்பவனுக்கு டிஸ்ப்ளே என்ன விலை என்று தெரியும், அதனால் அடிக்கவில்லை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை வீட்டுக்காரர். மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்கூர்லி பக்கம் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறார். அந்த மாநிலத்தில் 'மைனர்ஸ் ரைட்' என்று ஒரு அனுமதிச் சீட்டு தருகிறார்கள். நம்ம ஊர் சில்க் ஜிப்பா மைனர் இல்லை, சுரங்கம் தோண்டுகிற மைனர். அந்தச் சீட்டு கையில் இருந்தால், யாருக்கும் குத்தகைக்குப் போகாத அரசு நிலத்தில் டிடெக்டர் வைத்துத் தங்கம் தேடலாம். லீவு நாளில் அவருக்கு அதுதான் பொழுதுபோக்கு. தேடுவது அங்கே, மிஷின் தேர்ந்தெடுப்பது மட்டும் குடியாத்தத்தில். "நீங்கதானே எலெக்ட்ரானிக்ஸ் ஆளு" என்பார். என் தாத்தா வேறு கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர், அதனால் எனக்குத் தங்கத்தைப் பற்றி எல்லாம் தெரியுமாம். தாத்தா கொண்டுவந்து சேர்த்தது இருமல் மட்டும்தான் என்று பாட்டி சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாள்.

சரி, கேட்டுவிட்டாரே என்று முதல் வருடம் ஒழுங்காகப் படித்து ஒரு முடிவு சொன்னேன். பொடித் தங்கம்தான் அதிகம் கிடைக்கும், அதற்கு அலைவரிசை உயர உயர நல்லது. ஃபிஷர் கோல்ட் பக் 2 என்று ஒரு பழைய மிஷின், 71 கிலோஹெர்ட்ஸ், அரிசி நொய் அளவுத் தங்கத்துக்கே குரல் கொடுக்கும். விலையும் கட்டுப்படியாகும். வாங்குங்கள் என்றேன். அடுத்த நாள் அவருடைய நண்பர் ஒருவர் சொல்லிவிட்டார்: அந்தச் செம்மண்ணில் இந்த மிஷின் கத்தும், மண்ணே இரும்பு.

அவர் சொன்னதும் உண்மைதான், அதுதான் எரிச்சல். விஎல்எஃப் என்கிற வகை, நான் சொன்ன கோல்ட் பக் அந்த வகைதான், விடாமல் அலையை அனுப்பிக்கொண்டே திரும்பி வருவதையும் கேட்கும். வருவது எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்து இது இரும்பு, இது வேறு என்று ஓரளவு பிரித்துச் சொல்லும். ஆனால் மண்ணிலேயே இரும்புச் சத்து ஏறிக் கிடந்தால் மண் போடுகிற சத்தத்தில் தங்கம் அமுங்கிப்போகும். பிஐ என்கிற இன்னொரு வகை, ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு, அந்தத் துடிப்பு அடங்கும்போது உலோகம் என்ன முனகுகிறது என்று கேட்கும். மண்ணின் சத்தம் சட்டென்று அடங்கிவிடுவதால் செம்மண்ணிலும் ஆழமாகப் பார்க்கும். சந்தோஷம். ஆனால் பொடித் தங்கத்தின் முனகலும் சட்டென்று அடங்கிவிடும், அது காதில் விழாது. கூடவே ஆணிக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாது. வெயிலில் நாள் முழுக்கத் தோண்டி, நூறு வருடத்துக்கு முந்தைய ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

ஆக இது கேட்கிற காதுக்கு அது கேட்காது, அது கேட்கிற காதுக்கு இது கேட்காது. முப்பது வருடமாகப் புதிது புதிதாக வருகிற மிஷின் எல்லாம் இந்தச் செவிட்டை அந்தப் பக்கம் தள்ளி, அந்தச் செவிட்டை இந்தப் பக்கம் தள்ளுகிற வேலைதான். முன்னேற்றமே இல்லை என்று சொல்லவில்லை, பொடித் தங்கமும் கேட்கிற பிஐ வந்துவிட்டது, ஒரே சமயத்தில் பல அலைவரிசை அனுப்புகிற மிஷின் வந்துவிட்டது. ஆனால் வாங்கப் போகிறவனுக்கு அதை எவன் நேராகச் சொல்கிறான்? போன வருடம் எந்த மிஷினைக் கையில் பிடித்துக்கொண்டு "இதற்கு மேல் எதுவும் இல்லை" என்று வீடியோ போட்டானோ, அதே ஆள் அதே தொப்பியோடு இந்த வருடம் "பழசைத் தூக்கிப் போடுங்கள்" என்கிறான். காற்றில் காசை ஆட்டிக் காட்டி, பாருங்கள் இவ்வளவு தூரத்தில் பிடிக்கிறது என்கிறான். ஐயா, தங்கம் காற்றிலா இருக்கிறது? எந்த மண், எவ்வளவு பெரிய தங்கம், பக்கத்தில் கரண்ட் கம்பி போகிறதா, இந்த மூன்றைச் சொல்லாமல் ஆழக் கணக்குச் சொல்பவனை எங்கள் கடைத்தெருவில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

1980-இல் விக்டோரியா மாநிலத்தில் கிங்கோவர் ஊரருகே 27 கிலோ எடையில் ஒரே தங்கக் கட்டி எடுத்தார்களே, உலகமே பார்த்ததே, அது 'காரெட்' (Garrett) கம்பெனியின் அந்தக் காலத்து டிடெக்டர். இன்றைய வீடியோக்காரர்கள் கணக்கில் அது குப்பை. 27 கிலோவுக்கு அது போதுமாக இருந்தது.

போன வைகாசியில் மாப்பிள்ளை ஊருக்கு வந்தபோது, தன்னிடம் இருந்த பழைய மிஷினைக் கொண்டுவந்தார். விஎல்எஃப், 13 கிலோஹெர்ட்ஸ். கெங்கையம்மன் சிரசு திருவிழா முடிந்த மறுநாள் கௌண்டன்ய ஆற்று மணலில் ஓட்டிப் பார்த்தோம். சோடா மூடி, பலூன்காரன் கம்பி, பாக்குப் பொட்டலம். அந்தப் பாக்குப் பொட்டலத்தில் இருக்கிற பளபள காகிதம் இருக்கிறதே, அதற்கு மிஷின் திரையில் வருகிற எண்ணும் சின்னத் தங்கத்துக்கு வருகிற எண்ணும் ஒன்று. அரை நாள் குனிந்து நிமிர்ந்ததில் எனக்கு இடுப்பு போனது, அவருக்கு ஒரு ரூபாய்க் காசு ஏழு கிடைத்தது.

அப்புறம் வீட்டுக் கொல்லையில் சோதனை. என் மோதிரம், ஒரு சவரன். ஒரு ஜாண் ஆழத்தில் புதைத்தோம். விசைத்தறி ஓடுகிற தெரு, மிஷின் நாய் மாதிரி ஊளையிட்டது. கரண்ட் கட் ஆனதும்தான் அடங்கியது, உடனே மோதிரத்தைச் சுத்தமாகப் பிடித்தது. எனக்கே ஒரு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில் புத்தி கெட்டு, மனைவியின் பழைய மூக்குத்தியை, அரை கிராம்கூட இருக்காது, நாலு விரல் ஆழத்தில் புதைத்தோம். ஓட்டினால் சத்தமே இல்லை. மெதுவாக ஓட்டினோம், ஒட்டி ஓட்டினோம், ஊமை. அடையாளத்துக்கு வைத்த குச்சியைக் கோழி எப்போது தட்டிவிட்டதோ தெரியவில்லை. இந்த இடமா, இன்னும் அரை முழம் தள்ளியா என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்த தோரணையிலேயே உள்ளே விஷயம் தெரிந்துவிட்டது. கடைசியில் அம்மா மாவுச் சல்லடையை எடுத்துவந்து, ஒரு கூடை மண்ணைச் சலித்து, மூக்குத்தியைக் கழுவி மருமகள் கையில் கொடுத்தாள். இருபது நிமிடம். அந்தச் சல்லடைக்கு இதுவரை புது மாடல் வரவில்லை.

இதைத் தெருவே வேடிக்கை பார்த்ததில் எனக்கு இன்னொரு தலைவலி. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்தி, "அந்த மிஷின் இருக்குதாமே" என்கிறார்கள். பாலாறு கோலார் பக்கமிருந்துதானே வருகிறது, மணலில் தங்கம் இருக்குமே என்று ஒருவர். அண்ணா, தங்கவயல் தங்கம் வெள்ளைக்கல்லுக்குள் தூளாக இறுகிக் கிடப்பது. கல்லை வெட்டி, மாவாக இடித்து, சயனைடில் ஊறவைத்து எடுத்தார்கள். அந்தக் கம்பெனியே 2001 பிப்ரவரியோடு கதவைச் சாத்திவிட்டது. தூளாகக் கிடப்பதை எந்த டிடெக்டரும் கேட்காது. அப்படியே கேட்டாலும் இங்கே உரிமம் இல்லாமல் கனிமம் தேடக்கூடாது. புதையல் என்றால் 1878-ஆம் வருடத்துச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பென்றால் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். வேலூரில் தங்கம் பார்க்க ஆசையாக இருந்தால் ஸ்ரீபுரம் பஸ் ஏறுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

இதைவிடக் கொடுமை, தூரத்து உறவுக்காரர் ஒருவர் இரண்டு ஆண்டென்னா குச்சி நீட்டிய ஒரு பெட்டியை லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கி, பழுது பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். அரை கிலோமீட்டர் தூரத்துத் தங்கத்தை நோக்கித் திரும்புமாம். திறந்தேன். உள்ளே ஒரு சர்க்யூட்டும் இல்லை. இதே மாதிரிக் குச்சியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற பிரிட்டன்காரன் ஒருவனுக்கு 2013-இல் லண்டனில் பத்து வருடம் தண்டனை கொடுத்தார்கள். அந்தக் குச்சியின் பூர்வீகம், கோல்ஃப் பந்து தேடுகிற விளையாட்டுச் சாமான். உறவுக்காரரிடம் இதைச் சொன்னேன். எனக்குத்தான் ரிப்பேர் தெரியவில்லை என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சரி, காலைக் கதைக்கு வருகிறேன். இன்று நான் விடவில்லை. "மாப்பிள்ளை, கேளுங்க. உங்க மண்ணு செம்மண்ணு, அதனால பிஐ. புதுசு விலை ரொம்ப ஜாஸ்தி, வேண்டாம். 2010-ல வந்த ஜிபிஎக்ஸ் 5000, செகண்ட் ஹேண்ட்ல நல்லதா ஒண்ணு பாருங்க. பேட்டரிய முதுகுல கட்டிக்கணும், கனமாத்தான் இருக்கும், இருந்துட்டுப் போகுது. வீடியோ பாக்காதீங்க. இந்த வாரமே வாங்கிடுங்க." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி மச்சான், நீங்க சொன்னா சரி" என்று வைத்துவிட்டார். மூன்று வருடத்தில் முதல் தடவை. நானும் நிம்மதியாகக் காபி குடித்தேன்.

டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வாட்ஸ்அப்பில் நான்கு போட்டோ, எல்லாம் மிஷின் முனையில் மாட்டுகிற காயில். கருப்பு வட்டம், வெள்ளை வட்டம், நீள்வட்டம், பெரிய வட்டம். "மச்சான், காயில் மோனோ போடலாமா, டபுள் டி போடலாமா? எட்டு இஞ்சா, பதினொண்ணா, பதினாலா? பதினெட்டுகூட இருக்குதாம்."

நீல டிக் விழுந்துவிட்டது. மணி ஒன்பதே முக்கால், நான் இன்னும் கடையைத் திறக்கவில்லை.