வளர்ச்சி வீதம் மட்டும் போதாது

2024ஆம் ஆண்டின் 5 சதவீத வளர்ச்சியைக் காட்டி, இலங்கைப் பொருளாதாரம் மீண்டுவிட்டது என்று ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. 2022இலும் 2023இலும் சுருங்கிய பொருளாதாரம் இழந்த இடத்தைத்தான் இன்னும் எட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. பெறுமதி சேர் வரியை 18 சதவீதமாக்கி, சமையல் எரிவாயுவையும் அதற்குள் கொண்டுவந்ததால் அரசின் வருமானம் கூடியது உண்மையே. ஆனால், அந்தச் சுமை விறகடுப்புக்குத் திரும்பிய வீடுகளின் மீதே இறங்கியது. ஏற்றுமதியைப் பற்றி அக்கட்டுரை ஒரே வாக்கியத்தோடு நின்றுவிட்டது எனக்கு மிகுந்த வருத்தம். வியட்நாம் கைத்தொலைபேசிகளையும் மின்னணு உதிரிப் பாகங்களையும் உலகுக்கு அனுப்பும் நாடாக மாறிவிட்ட பின்னரும், நாம் தைத்த ஆடையையும் தேயிலையையுமே பெரிதும் நம்பியிருக்கிறோம். இறக்குமதித் தீர்வைக்கு மேல் செஸ் எனும் கூடுதல் வரி, துறைமுக வரி என அடுக்கி, புதிய தொழில் தொடங்க வருபவருக்கு மூலப்பொருளின் விலையையும் ஏற்றிவிடுகிறோம். 2028இல் வெளிநாட்டுக் கடன் தவணைகள் கனக்கத் தொடங்குமுன் இந்த இறக்குமதி வரிகளைக் களைந்து ஏற்றுமதி வருமானத்தைக் கூட்டுவதே அவசரப் பணி.