கார்த்திகைப்பூக் கிழங்குச் சாறு கொய்யாவை விதையில்லாமல் ஆக்காது

“கார்த்திகைப்பூக் கிழங்கை இடித்துச் சாறெடுத்துக் கொய்யா மரத்தடியில் ஊற்றுங்கள், அடுத்த காய்ப்பு விதையில்லாமல் வரும்.” கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் பொய்.

அந்தக் கிழங்கில் கொல்கிசின் என்ற வேதிப்பொருள் இருப்பது சரிதான். ஆய்வுகூடத்தில் அதை அளவறிந்து தளிர் நுனியிலோ விதையிலோ இடுவார்கள். பிரியத் தொடங்கிய கலத்தில் இரட்டித்த நிறமூர்த்தங்கள் (பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் இழைகள்) விலகிப் போக முடியாமல் உள்ளேயே தங்கிவிடும். இரண்டு தொகுதி நிறமூர்த்தம் நான்கு தொகுதியாகும். வளர்ந்த மரத்தின் அடியில் ஊற்றி இதைச் செய்ய முடியாது.

அப்புறம், நான்கு தொகுதி வந்தாலே விதை போய்விடாது. அந்த மரத்தைச் சாதாரண மரத்தோடு கலந்து மூன்று தொகுதிக் கன்றைப் பெறவேண்டும்; அதில்தான் விதை சரியாகப் பிடிக்காது. கலிபோர்னியாவின் ஒரோபிளாங்கோ என்ற தோடை இனப் பழம் அப்படிக் கலந்து வந்தது: கலப்பு 1958இல், வெளியீடு 1980இல். எங்கள் மொந்தன் வாழைக்கோ மூன்று தொகுதி இயற்கையாகவே அமைந்தது.

எனக்குப் பெரிய கவலை அந்தக் கிழங்குதான். அது ஆளைக் கொல்லும் நஞ்சு. பிள்ளைகளும் ஆடுமாடும் திரியும் வளவில் தயவுசெய்து அதை இடிக்காதீர்கள். யாராவது விழுங்கிவிட்டால், வாந்தி வரட்டும் என்று பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.